ஏணியில் ஏறாத சொல்

விளக்கேந்திய சீமாட்டியை அறியாதார் யார்? பள்ளிப் பாடநூலில் அவருக்கு ஒரு பக்கம் உண்டு; மருத்துவமனைச் சுவரில் ஒரு படம் உண்டு; அவர் பிறந்த மே திங்கள் 12ஆம் நாள், உலகச் செவிலியர் நாளாகவே கொண்டாடப்படுகிறது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல்! போர்க்கால மருத்துவமனையின் நீண்ட கூடத்தில், நள்ளிரவில், கையில் விளக்குடன், புண்பட்ட வீரர்களின் படுக்கைகளினூடே நடந்த அந்தப் பெருமாட்டியின் உருவம் உலகின் உள்ளத்தில் ஓவியமாய்ப் பதிந்துவிட்டது. அந்த ஓவியத்தை அழிக்க நாம் வரவில்லை. ஆனால், அதனை உற்று நோக்கும் உரிமை நமக்கு உண்டு. விளக்கின் ஒளி விழுந்த இடத்தைப் பாடிய புலவர் பலர். விளக்கடியில் கிடந்த இருளை எட்டிப் பார்த்தவர் சிலரே. அந்த இருளில் நின்றவர் யார்? அவர்களுக்குப் பெயர் இருந்ததா? குரல் இருந்ததா? இருந்தால் அந்தக் குரல் எவர் செவிக்கு எட்டிற்று?

1854ஆம் ஆண்டு, கிரிமியப் போரின்போது, துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி மருத்துவமனைப் பணிக்கென அம்மையார் அழைத்துச் சென்ற பெண்கள் 38 பேர். கன்னித் துறவியர் இருந்தனர். சமயச் சங்கத்தினர் இருந்தனர். கூலிக்கு உழைத்த மருத்துவமனைத் தாதியரும் இருந்தனர். எல்லோரும் கடந்தது ஒரே கடல். எல்லோரும் முகர்ந்தது ஒரே அழுகல் நாற்றம். எல்லோரையும் அச்சுறுத்தியது ஒரே காய்ச்சல். ஆயினும், கதையாகித் திரும்பி வந்தது ஒரே ஒரு பெயர்! ஒருவர் புகழ் ஓங்குவது குற்றமன்று. அப்புகழின் நிழலில் ஒரு பெரும் பணிக்கூட்டமே பெயரற்றுப் போனதைத்தான் குறை என்கிறோம்.

இந்தக் குறை போர்முனையில் தோன்றியதன்று. அதற்கு முன்பே இலக்கியத்தில் இடம் பிடித்துவிட்டது. சார்லஸ் டிக்கன்ஸ் 1843ஆம் ஆண்டிலும் 1844ஆம் ஆண்டிலும் திங்கள்தோறும் வெளியிட்ட 'மார்ட்டின் சசில்விட்' என்ற புதினத்தில் ஒரு தாதியைப் படைத்தார். சேரி கேம்ப் என்பது அவள் பெயர். பருத்த உடல், பழைய குடை, பக்கத்தில் மதுப்புட்டி. பிள்ளைப்பேற்றுக்கும் அவளே, பிணத்தைக் கிடத்துவதற்கும் அவளே! இல்லாத ஒரு தோழியை இருப்பதாகச் சொல்லி, அத்தோழி தன்னைப் புகழ்ந்ததாகத் தானே புகழ்ந்துகொள்வாள். ஆங்கிலேயர் சிரித்தனர், சிரித்தனர், அப்படிச் சிரித்தனர். குடைக்கே 'கேம்ப்' என்று பெயர் வைத்துச் சிரித்தனர்!

நாமும் சிரிக்கிறோம். ஆனால் சிரித்து ஓய்ந்தபின் சிந்திக்கவும் செய்கிறோம். அந்தத் தாதிக்கு எவரேனும் ஒரு நாள் பயிற்சி தந்தனரா? இரவெல்லாம் விழித்திருந்த கண்ணுக்குத் தக்க கூலி தந்தனரா? உண்ண உணவும் உறங்க இடமும் தந்தனரா? ஏழைச் சிறுவன் ஆலிவருக்காகக் கண்ணீர் வடித்த பேனா, ஏழைத் தாதியிடம் வந்ததும் கிச்சுகிச்சு மூட்டத் தொடங்கிவிட்டதே, ஏன்? அவளைக் கெடுத்த சூழலைக் காட்டாமல், கெட்டுப்போன அவளை மட்டும் காட்டினார் ஆசிரியர். நகைச்சுவையில் அவர் வென்றார், நடுவுநிலையில் தோற்றார். விளைவு என்ன? பின்னாளில் செவிலிப் பணியைச் சீர்திருத்த வந்தவர்கள், "கேம்ப் போன்றவளா நோயாளிக்குத் துணை? நற்குடிப் பெண்கள் அல்லவா வரவேண்டும்!" என்று பேச, அந்தக் கேலிச் சித்திரம் கைகொடுத்தது. குடிப்பழக்கத்தைக் கண்டிக்கப் புறப்பட்ட சிரிப்பு, குடிப்பிறப்பைக் கண்டிப்பதில் போய் முடிந்தது!

1860ஆம் ஆண்டு, மக்கள் திரட்டித் தந்த நிதியைக்கொண்டு, இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அதன் பெருமையை மறைத்தால் நாம் நன்றி மறந்தவர்கள் ஆவோம். பெண் ஒருத்தி பயின்று, பணி ஏற்று, ஊதியம் பெற்று, தலைநிமிர்ந்து வாழ வழி திறந்த பள்ளி அது. ஆடவர் ஆட்சி செய்த மருத்துவமனையில், செவிலியரைச் செவிலித் தலைவியே ஆளவேண்டும் என்று அம்மையார் வற்புறுத்தியதும், அந்நாளில் பெண்களுக்கு அமைந்த ஓர் அரண். அந்தப் படிநிலை அன்று கேடயமாகப் பயன்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால், அதே பள்ளியில் சில ஆண்டுகளிலேயே இருவகை மாணவியர் உருவாயினர். உணவும் உறையுளும் சிறு ஊதியமும் பெற்றுப் பயின்ற எளிய குடிப் பெண்கள் ஒருவகை. தங்கள் செலவைத் தாங்களே செலுத்திப் பயின்ற சீமாட்டிகள் மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகையினரிடமிருந்தே தலைவியரை எதிர்பார்த்தனர். கை படித்த பாடம் ஒன்றே. பை படித்த பாடம் வேறு! ஏணியின் மேற்படிக்குத் திறமையோடு செல்வமும் சேர்ந்து நுழைவுச்சீட்டு ஆயிற்று.

இன்னும் ஒரு செய்தி. அப்பள்ளி மாணவியரின் நடத்தையைத் திங்கள்தோறும் குறித்துவைக்க ஒரு பதிவேடு இருந்தது. நேரந்தவறாமை, நம்பகம், தூய்மை என்ற தலைப்புகளோடு, ஓசைப்படாமை என்பதும் அதில் ஒரு தலைப்பு. நோயாளி உறங்கும் கூடத்தில் ஓசை கூடாது. அது நல்ல விதிதான். ஆனால் காலடி ஓசையை அடக்கக் கற்பித்த மருத்துவமனைகள், காலப்போக்கில் கருத்தோசையையும் அடக்கக் கற்பித்துவிட்டன. அம்மையார் 1859இல் எழுதிய 'செவிலிப் பணிக் குறிப்புகள்' என்ற நூலில், நோயாளியைக் கூர்ந்து நோக்குதல் பற்றித் தனி அதிகாரமே உண்டு. நல்ல அதிகாரம், இன்றும் படிக்கத் தக்க அதிகாரம். எனினும் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. கூர்ந்து நோக்கியவள் கீழ்ப்படியில் நிற்பவளானால், அவள் கண்டதை மேற்படியில் நிற்பவர் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கே? காணக் கற்பித்தனர், கேட்கக் கற்பிக்கவில்லை.

இங்கிலாந்து அதன்பின் படிகளைக் குறைத்ததா? பெருக்கிற்று. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதிவு பெற்ற செவிலியர் வந்தனர். 1943ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களுக்குக் கீழே துணைச் செவிலியர் பட்டியல் ஒன்றை ஏற்படுத்திற்று. மூன்றாண்டு படித்தவர் மேலே. இரண்டாண்டு படித்தவர் கீழே. பல மருத்துவமனைகளில் உடையின் நிறமும் இடைக்கச்சையின் நிறமுமே இன்னார் இந்தப் படி என்று பறைசாற்றின. 1948இல் நாட்டு மருத்துவச் சேவை தொடங்கியபின் கரிபியத் தீவுகளிலிருந்து கடல் கடந்து பணிக்கு வந்த கறுப்பினப் பெண்களுள் பலரை இந்த இரண்டாம் படிக்கே திருப்பிவிட்டனர். அந்தச் சான்றிதழுக்குத் தங்கள் தாயகத்தில் மதிப்பில்லை என்பதைப் பலர் பின்னர்தான் அறிந்தனர். அங்கும் உயர முடியவில்லை. இங்கும் திரும்ப முடியவில்லை!

இது புதுமையும் அன்று. யமைக்காவில் பிறந்த மேரி சீகோல், கிரிமியாவுக்குச் செவிலியாகச் செல்ல இலண்டனில் வாய்ப்புக் கேட்டபோது மறுக்கப்பட்டவர். மறுத்தால் என்ன என்று தம் செலவிலேயே சென்று தொண்டு செய்தவர். 1857இல் தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதியவர். புனித தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் அவருக்குச் சிலை எழுந்தது 2016ஆம் ஆண்டில்! ஏணியில் ஏற இடம் கேட்டவருக்குச் சிலைப் பீடத்தில் இடம் கிடைக்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இரண்டாம் படிச் செவிலியர் பயிற்சி கடந்த நூற்றாண்டின் இறுதியில் கைவிடப்பட்டது. ஆயினும் செவிலிக்கும் உதவியாளருக்கும் இடையே புதியதோர் இணைப்படி 2019 முதல் இங்கிலாந்தில் மீண்டும் முளைத்திருக்கிறது. படி வருவதும் போவதும் ஆட்பற்றாக்குறையைப் பொறுத்தது. ஆனால் படியோடு ஒட்டிக்கொண்டு வரும் இளக்காரம் மட்டும் போவதே இல்லை.

அந்த ஏணி கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. சென்னை மாகாணச் செவிலியர் சட்டம் 1926இல் வந்தது. வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு 1946இல் வந்தது. அதே 1946இல் அறிக்கை தந்த போர் குழு, பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலி என்ற கணக்கைக் காட்டித் திடுக்கிட வைத்தது. பற்றாக்குறையைப் போக்கக் குறைந்த காலம் பயிலும் துணைச் செவிலியர் பயிற்சி 1951இல் பிறந்தது. தேவை பெற்ற பிள்ளை அது. அதனைத் தவறென்று சொல்ல மாட்டோம்.

ஆனால் இங்கே ஏற்கெனவே ஓர் ஏணி இருந்ததே! தொட்டால் தீட்டு, துடைத்தால் இழிவு என்று உழைப்பையே பிறப்பால் பங்கிட்டு வைத்த ஏணி. புண்ணைத் தொடுவதும் மலத்தை அகற்றுவதும் எவர் செய்யும் தொழில் என்று மூக்கைச் சுளித்த சமுதாயம் அல்லவா இது? அதனால்தான் நெடுங்காலம் உயர்சாதியென்று தம்மைச் சொல்லிக்கொண்டோர் இப்பணிக்கே வரவில்லை. சாதியின் பிடியிலிருந்து சற்று விலகி நின்ற கிறித்தவப் பெண்களே பெரிதும் முன்வந்தனர். ஆங்கில ஏணியும் ஆரிய ஏணியும் மருத்துவமனை வாயிலில் கைகுலுக்கிக்கொண்டன. ஊசி போடும் கைக்கு ஒரு மதிப்பு. மலக்கலம் எடுக்கும் கைக்கு வேறொரு மதிப்பு. இரண்டு கையும் தொடுவது ஒரே உடலை என்பதை எவர் நினைக்கிறார்?

இன்றைய மருத்துவமனைக் கூடத்துக்குள் சற்றே நடந்து பாருங்கள். செவிலியர் கண்காணிப்பாளர் வருகிறார்; எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். நிலையான பணியில் உள்ள செவிலி, ஒப்பந்தச் செவிலி, பயிற்சி மாணவி, துணைச் செவிலி, ஆயா, துப்புரவுத் தொழிலாளி என்று படிகள் கீழே கீழே இறங்குகின்றன. மொழியும் அவற்றோடு சேர்ந்து இறங்குகிறது! மேலே "அம்மா, வாங்க". நடுவே "சிஸ்டர், வாம்மா". கீழே "ஏ ஆயா, வா இங்கே". சிஸ்டர் என்றால் உடன்பிறந்தாள் என்று பொருளாம். உடன்பிறந்தாள் என்று அழைப்பார்கள். உடன் உட்கார விடமாட்டார்கள்! இருபதாண்டு உழைத்த ஆயாவுக்குப் பெயர் என்னவென்று, அதே கூடத்தில் இருபது திங்கள் பணியாற்றிய மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். விழிப்பார்.

மருத்துவர் செவிலியை மதிப்பதில்லை என்று செவிலியர் மனம் நோகிறார்கள். அந்த நோவு நேர்மையானது. ஆனால் அதே செவிலியர், தமக்கு அடுத்த படியில் நிற்பவரிடம் அதே கடுஞ்சொல்லைக் கைம்மாற்றாகக் கொடுத்துவிடும்போது, அந்த நேர்மை எங்கே போயிற்று? மூத்தவர் இளையவரைக் கடிகிறார். இளையவர் மாணவியைக் கடிகிறார். மாணவி ஆயாவைக் கடிகிறார். மேலே வாங்கிய அடியைக் கீழே விற்றுக் கணக்கை நேர் செய்யும் வாணிகம் இது. மேலே உள்ளவனை வணங்கிக் கீழே உள்ளவனை மிதிக்கும் பழக்கத்துக்கு நம் நாட்டில் ஒரு பழைய பெயர் உண்டு. அதைச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும்.

ஊதியத்திலும் இதே கதைதான். 2015ஆம் ஆண்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வந்த செவிலியர் ஆயிரக்கணக்கானோர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். ஒரே கூடம், ஒரே நோயாளி, ஒரே இரவு. ஆனால் பக்கத்தில் நின்ற நிலையான செவிலி பெற்றதோ அதைப்போல் பன்மடங்கு. 2017 நவம்பரில் சென்னை மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் அவர்கள் அமர்ந்து குரல் எழுப்பியபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. பின்னர் ஊதியம் உயர்ந்தது. பலர் படிப்படியாக நிலையான பணிக்கு மாறினர். தரையில் அமர்ந்து கத்திய பிறகே கேட்கும் என்றால், அந்தச் செவிக்கு நோய் என்று அல்லவா பொருள்?

"படிநிலை இல்லாமல் மருத்துவமனை நடக்குமா? எல்லோரும் சமம் என்றால் யார் சொல்வதை யார் கேட்பது?" என்று அறிவாளர் சிலர் கேட்பர். தக்க கேள்விதான், தட்டிக் கழிக்க மாட்டோம். எந்த மருந்து, எத்தனை அளவு, எந்த நேரம் என்பதைப் படித்தவர்தாம் முடிவு செய்ய வேண்டும். தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். பொறுப்பில் படி வேண்டும், நாம் மறுக்கவில்லை. மதிப்பில் படி வேண்டா என்கிறோம். இரண்டும் ஒன்றெனக் கருதுவதுதான் நோயின் வேர்.

இது வெறும் மரியாதைச் சிக்கலும் அன்று, உயிர்ச் சிக்கல். நோயாளியின் உடலுக்கு மிக அருகில் இருப்பவர் யார்? மிகக் கீழ்ப்படியில் இருப்பவர்தாம். புரட்டிப் படுக்க வைக்கும் ஆயாவின் கண்ணுக்கே முதுகில் சிவக்கும் படுக்கைப்புண் முதலில் படுகிறது. சிறுநீர் குறைந்ததையும், உண்ட சோறு அப்படியே திரும்பியதையும், நேற்றுப் பேசிய கிழவர் இன்று பிதற்றுவதையும் முதலில் அறிபவர் அவரே. ஊரில் வீடு வீடாகச் செல்லும் கிராமச் செவிலிக்கே எந்தக் கருவுற்ற தாயின் கால் வீங்கியிருக்கிறது என்பது தெரியும். அவர்கள் சொல்லலாமா? "உன் வேலையைப் பார்" என்ற மூன்று சொல் ஒரு முறை விழுந்தால் போதும். அடுத்த முறை அந்த வாய் திறக்காது. மூடிய வாயின் விலையைக் கொடுப்பவர் கட்டிலில் கிடப்பவர்!

கட்டளை இறங்க ஏணி இருக்கிறது. உண்மை ஏற ஏணி இல்லை. அப்படி ஓர் ஏணி எங்கேனும் உண்டா என்று கேட்பவர்க்கு, வேறெங்கும் போக வேண்டா, தமிழ் அகப்பாட்டைத் திறவுங்கள் என்போம். நாம் இன்று வழங்கும் 'செவிலி' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய், செவிலியின் மகள் தோழி என்பது தொல்காப்பியர் காட்டும் முறை. அங்கும் படிகள் உண்டு. ஆனால் அந்தப் படிகளில் 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு வழக்கம் உண்டு. தலைவி தன் உள்ளத்தைத் தோழிக்குச் சொல்வாள். தோழி செவிலிக்குச் சொல்வாள். செவிலி நற்றாய்க்குச் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும் உணர்த்துவாள். உண்மை படிப்படியாய் மேலே ஏறுகிறது! அதற்கு நம் முன்னோர் இட்ட பெயரோ அறம்.

ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சிறப்பை அறிவிக்கக் கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டை எண்ணிப் பாருங்கள். 261 அடியும் இந்த அறத்தொடு நிற்றல்தானே? தலைவி மெலிகிறாள். செவிலி கலங்குகிறாள், அறிந்தவரைக் கேட்கிறாள், தெய்வங்களை வணங்குகிறாள், நோய் தீரவில்லை. அப்போது இளையவளாகிய தோழி வாய் திறக்கிறாள்: நோயின் காரணம் வேறு என்று, தான் கண்டதைக் கண்டபடி, பணிவோடும் துணிவோடும் சொல்கிறாள். வேறு பாடல்களில் வேலனை அழைத்து வெறியாடி ஆட்டை அறுக்க முனையும்போது, அந்தப் பொய் மருத்துவத்தைத் தடுத்து நிறுத்துபவளும் தோழியே. அவளிடம் "உன் வேலையைப் பார்" என்று எவரும் உறுமியதில்லை. இன்னொன்றும் காணத் தக்கது. அகப்பாட்டில் எவர்க்கும் இயற்பெயர் சுட்டலாகாது என்பது விதி. அங்கே தோழிக்குப் பெயரில்லை என்றால் தலைவனுக்கும் பெயரில்லை. சிலருக்குப் பெயர், சிலருக்கு 'ஏ ஆயா' என்ற பாகுபாடு அங்கே கிடையாது!

பழமை பேசி மயங்குகிறோம் என்று எண்ண வேண்டா. இன்றைய அறிவியலும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உலக நல நிறுவனம் 2008ஆம் ஆண்டு, அறுவை மருத்துவத்துக்கென 19 குறிப்புகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தியை எடுக்குமுன், அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் இப்பட்டியலைக் கையாண்டு பார்த்தனர். இறப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் முடிவு வெளியாயிற்று. பெயர் சொன்னதால் மட்டும் உயிர் பிழைத்தது என்று நாம் மிகைபடப் பேச மாட்டோம். அதில் வேறு முறைகளும் உண்டு. ஆயினும், பெயர் சொல்லி வாய் திறந்தவர், பிழை கண்டால் மீண்டும் வாய் திறக்கத் தயங்கமாட்டார் என்ற எளிய உண்மையை அறிஞர் அறிந்துதான் அதனைச் சேர்த்திருக்கின்றனர்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொருவர்க்கும் பெயர் உண்டு; அந்தப் பெயரால் அழையுங்கள். ஒவ்வொருவர்க்கும் கால் உண்டு. அந்தக் கால் ஓய ஓர் இருக்கை தாருங்கள். ஒரே பணிக்கு ஒரே ஊதியம் கொடுங்கள். ஒவ்வொரு பணிமுறை மாறும்போதும், "நீங்கள் கண்டது என்ன?" என்று ஆயா உட்பட அனைவரையும் கேளுங்கள், கேட்டதை ஏட்டில் எழுதுங்கள். எழுத்தாளருக்கும் ஒரு சொல்: விளக்கேந்தியவரைப் போதுமான அளவு பாடியாகிவிட்டது, கேம்பைப் போதுமான அளவு கேலி செய்தாகிவிட்டது. இனி, இரவு இரண்டு மணிக்கு, உறங்கும் கூடத்தில், நோயாளியின் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "இவருக்கு உடம்பு சரியில்லையம்மா" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லலாமா கூடாதா என்று தயங்கி நிற்கிறாளே ஒருத்தி, அவளை எழுதுங்கள்.

அந்தத் தயக்கம் ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில்தான் ஓர் உயிர் ஊசலாடுகிறது. ஏணியை எரிக்கச் சொல்லவில்லை நாம். அதில் சொல் ஏறட்டும் என்கிறோம்.